‘100% காலேஜ் அட்மிஷன்’: சார்ட்டர் ஹைஸ்கூல் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

அமெரிக்காவில் சார்ட்டர் ஹைஸ்கூல் தேடும் பெற்றோர் கண்ணில் முதலில் படுவது வாசலில் தொங்கும் பேனர்தான். ‘எங்கள் சீனியர்கள் 100% பேருக்கும் காலேஜ் அட்மிஷன்’ என்று இருக்கும். சீனியர் என்றால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர். பக்கத்திலேயே கோடிக்கணக்கான டாலரில் ஒரு ஸ்காலர்ஷிப் தொகையும் இருக்கும். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பிள்ளையை அங்கே சேர்க்கலாமா என்று முடிவெடுக்க இரண்டும் உதவாது. தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: ஒன்பதாம் வகுப்பில் உள்ளே போன 100 பேரில் எத்தனை பேர் காலேஜில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்? அந்த எண்ணை யாரும் பேனரில் போடுவதில்லை. நாமே திரட்டிக்கொள்ள வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் ஒதுக்கினால் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

ஏனென்றால் சார்ட்டர் பள்ளி பொதுப்பள்ளி. 1991-ல் மினசோட்டா முதல் சட்டம் போட்ட நாளிலிருந்து அடிப்படை ஒன்றுதான்: நிர்வாகம் தனி, பணம் அரசுடையது, கட்டணம் கிடையாது, இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல். அரசுப் பணம் வாங்குவதால் மாணவர் எண்ணிக்கை, தேர்ச்சி, காலேஜ் சேர்க்கை எல்லாம் மாநிலக் கல்வித்துறைக்குப் போய், பொதுவில் பார்க்கக் கிடைக்கிறது. தனியார் பள்ளியில் இந்த வசதி கிடையாது.

பேனர் எண் எப்படி உருவாகிறது

ஈராண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் ஹைஸ்கூல் முடித்த யாரும் சேரலாம். நான்காண்டுக் கல்லூரிகளிலும் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோரை எடுத்துக்கொள்பவை ஏராளம். ஆகவே ஒவ்வொரு சீனியரையும் உட்காரவைத்து அப்படிப்பட்ட ஒரு கல்லூரிக்காவது விண்ணப்பிக்கச் செய்தால் 100% வந்துவிடும். சில சார்ட்டர் பள்ளிகள் ‘ஒரு கல்லூரியிலிருந்து அட்மிஷன் கடிதம் வந்தால்தான் ஹைஸ்கூல் டிப்ளமோ’ என்று விதியே வைத்திருக்கின்றன. அங்கே 100% என்பது விதியின் விளைவு. முதல் தலைமுறையாகக் காலேஜ் பக்கம் போகும் பிள்ளைக்கு அந்த விதி உண்மையிலேயே உதவும், அதைக் குறை சொல்லவில்லை. அதைப் படிப்பின் தரத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் விஷயம்.

கல்லூரிப் பெயர்ப் பட்டியலில் அடிக்குறிப்பைப் படியுங்கள். ‘2016 முதல்’ என்று பொடி எழுத்தில் இருந்தால், இத்தனை வருடத்தில் ஒரே ஒருவர் போன கல்லூரியும் இன்று பளிச்சென்று நிற்கும். அது ‘அட்மிட்’ ஆனவர்கள் பட்டியலா, ‘என்ரோல்’ ஆனவர்கள் பட்டியலா என்றும் பாருங்கள். பல கல்லூரிகளுக்குப் பொதுவான படிவமான காமன் ஆப்பில் ஒருவர் 20 கல்லூரி வரை விண்ணப்பிக்கலாம். கலிபோர்னியாவின் யூசிக்கு (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) ஒரே படிவத்தில் ஒன்பது வளாகங்களையும் தொடலாம். கெட்டிக்காரப் பிள்ளைகள் நான்கு பேர் இருந்தாலே சுவர் முழுக்கக் கொடி நட்டுவிடலாம்.

ஸ்காலர்ஷிப் தொகை இன்னும் ஏமாற்றும். ஒரு மாணவிக்கு 12 தனியார் கல்லூரிகளில் அட்மிஷன், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 20,000 டாலர் தள்ளுபடி தருகிறது என்று வையுங்கள். நான்கு ஆண்டுக்கு 80,000. பன்னிரண்டால் பெருக்கினால் 9,60,000 டாலர். பேனரில் ஏறுவது இதுதான். அவள் சேரப்போவது ஒரே கல்லூரி. அவளுக்குக் கிடைப்பது 80,000, அதுவும் கட்டணத்தில் கழிகிற தள்ளுபடிதான்.

ரேங்க் பட்டியலும் இதற்கு உதவாது. யூ.எஸ். நியூஸ் ஹைஸ்கூல் ரேங்க் ஏபி, ஐபி என்னும் காலேஜ் தரத் தேர்வுகளையும் மாநிலத் தேர்வையும் கிராஜுவேஷன் விகிதத்தையும் வைத்துப் போடுவது. எந்தக் காலேஜில் சேர்ந்தார்கள் என்பது அதில் கிடையாது. 2018 பட்டியலில் முதல் ஐந்து இடமும் அரிசோனாவின் பேசிஸ் சார்ட்டர் பள்ளிகளுக்கே போனது. அந்தப் பள்ளிகளின் பாடத்திட்டமே ஏபியைச் சுற்றி அமைந்தது.

முதலில் தலையை எண்ணுங்கள்

பின்னக் கணக்கில் பகுதி மாறினால் விடை மாறும். இங்கே பகுதி என்பது யாரை வைத்து எண்ணுகிறோம் என்பது. மத்திய அரசின் கல்விப் புள்ளிவிவர மையமான என்சிஇஎஸ் தளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினால் வகுப்புவாரி எண்ணிக்கை வரும். 2024-ல் முடித்த வகுப்பு வேண்டுமென்றால் குறுக்காகப் பாருங்கள்: 2020 இலையுதிர் பருவத்தில் ஒன்பதாம் வகுப்பு, 2021-ல் பத்து, 2022-ல் பதினொன்று, 2023-ல் பன்னிரண்டு.

ஒரு மாதிரிக் கணக்கு: 120, 108, 91, 78. முடித்தவர்கள் 76. எழுபத்தாறு பேருக்கும் அட்மிஷன், ஆகவே பேனரில் 100%. அந்த இலையுதிர் பருவத்தில் நான்காண்டுக் கல்லூரியில் உண்மையில் சேர்ந்தவர்கள் 44, கம்யூனிட்டி காலேஜில் 13. எழுபத்தாறில் 44 என்றால் 58%. நூற்றிருபதில் 44 என்றால் 37%. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, மூன்று எண்கள்.

இங்கே அவசரப்பட்டுப் பள்ளியைத் திட்டிவிடக் கூடாது. விலகிய 42 பேரும் படிப்பை விட்டவர்கள் என்று பொருளில்லை. வீடு மாறியிருப்பார்கள், பக்கத்து ஹைஸ்கூலுக்குப் போய் அங்கிருந்து நல்ல காலேஜும் போயிருப்பார்கள். வட்டார நிர்வாகம் நடத்தும் வழக்கமான பொதுப்பள்ளியான டிஸ்ட்ரிக்ட் பள்ளியிலும் பிள்ளைகள் விலகுவதுண்டு. அங்கே நடுவில் புதியவர்கள் வந்து சேர்வதால் எண்ணிக்கை குறைவது தெரியாது. பத்து, பதினொன்றில் புது ஆள் எடுக்காத சார்ட்டரில் மட்டும் அது பளிச்சென்று தெரியும். ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை பேர் விலகுகிறார்கள்? காலியான இடத்தை எந்த வகுப்பு வரை நிரப்புகிறீர்கள்? கலிபோர்னியாவில் மாநிலக் கல்வித்துறையின் டேட்டாகுவெஸ்ட் தளத்தில், ஆண்டு முழுதும் அதே பள்ளியில் தங்கியவர்களின் விகிதத்தைக் காட்டும் ‘ஸ்டெபிலிட்டி ரேட்’ என்றொரு அறிக்கை இருக்கிறது. அதில் இந்தப் பள்ளியையும் பக்கத்து டிஸ்ட்ரிக்ட் பள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலகல் அண்டைப் பள்ளியைவிட நன்றாகவே அதிகம் என்றால், ‘மெலிந்தவர்கள் வெளியே, வலுத்தவர்கள் உள்ளே’ என்ற வடிகட்டல் நடக்கிறதா என்று சந்தேகப்பட நியாயம் உண்டு.

ஹைஸ்கூலின் நான்காண்டு கிராஜுவேஷன் விகிதம் இந்த ஓட்டையை அடைக்காது. வேறு பள்ளிக்கு மாறியவரை அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள். 42 பேர் போனபின்பும் விகிதம் 97% என்று நிற்கலாம்.

சேர்ந்தவர்கள் எத்தனை பேர்

மே மாதம் கடிதத்தோடு நின்ற பிள்ளை செப்டம்பரில் வகுப்பில் இருக்கிறதா? இடைப்பட்ட கோடையில் நிதியுதவிப் படிவம், முன்பணம், பாட நிலையைத் தீர்மானிக்கும் ப்ளேஸ்மென்ட் தேர்வு என்று எங்காவது சிக்கி நின்றுவிடுவதை ‘சம்மர் மெல்ட்’ என்பார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களில் இது அதிகம்.

கலிபோர்னியா டேட்டாகுவெஸ்டில் ‘காலேஜ் கோயிங் ரேட்’ பாருங்கள். யூசி, சிஎஸ்யூ (கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி), கம்யூனிட்டி காலேஜ், வெளி மாநிலம் என்று பிரித்தே தரும். நியூஜெர்சியில் ஸ்கூல் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டில் இதே எண் உண்டு. மாசசூசெட்ஸ் தளத்தில் இரண்டு அட்டவணை இருக்கும், குழம்பிவிடாதீர்கள்: ‘ப்ளான்ஸ்’ என்பது பிள்ளைகள் போவதாகச் சொன்னது, ‘அட்டெண்டிங்’ என்பது போனது. இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். டெக்சாஸ் உயர்கல்வி வாரியம் ஒவ்வொரு ஹைஸ்கூலிலிருந்தும் வந்தவர்கள் முதலாண்டில் எடுத்த ஜிபிஏவையே (சராசரி மதிப்பெண்) வெளியிடுகிறது. ஆனால் அதில் டெக்சாஸ் கல்லூரிகள் மட்டும்தான். வெளிமாநிலம் போனவர்கள் காணாமல் போனவர்கள்போல் தெரிவார்கள்.

இந்த எண்களில் பெரும்பாலானவற்றின் ஊற்று நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய 97% அதன் பதிவேட்டில் இருக்கிறார்கள். பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத்தான் அது ஆளைப் பொருத்துகிறது. நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சிக்கல். பள்ளியில் இனிஷியலோடு ஒரு பெயர், காலேஜில் அப்பா பெயர் முழுதாக லாஸ்ட் நேமில் என்று இருந்தால் பொருத்தம் தவறலாம். இந்தியாவுக்கு மருத்துவம் படிக்கப் போனவரும் கனடாவில் வாட்டர்லூ போனவரும் பெரும்பாலும் அதில் வரமாட்டார்கள். தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நிறைந்த பள்ளியில் மூன்று நான்கு சதவீதம் குறைந்து தெரிந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

எந்தக் காலேஜ்

யூசியின் இன்ஃபர்மேஷன் சென்டரில் ‘அட்மிஷன்ஸ் பை சோர்ஸ் ஸ்கூல்’ என்ற அட்டவணை பொக்கிஷம். பள்ளியைத் தேர்ந்தால் ஒவ்வொரு வளாகத்துக்கும் விண்ணப்பித்தவர், அட்மிட் ஆனவர், சேர்ந்தவர், அவர்களின் சராசரி ஜிபிஏ எல்லாம் வரும். மூன்று இடங்களில் தவறு நடக்கும். வளாக எண்களைக் கூட்டக் கூடாது, ஒரே பிள்ளை ஆறு இடத்தில் எண்ணப்பட்டிருப்பாள். ‘யுனிவர்சிட்டிவைட்’ வரிசைதான் ஆளுக்கு ஒன்று. காலியாக இருக்கும் கட்டம் பூஜ்யமல்ல, எண் மிகச் சிறியது என்பதால் மறைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு வருடத்தைப் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. 70 பேர் வகுப்பில் பெர்க்லி போனவர்கள் இந்த வருடம் 6, போன வருடம் 2 என்று இருந்தால் பள்ளி முன்னேறிவிட்டதாகச் சொல்ல முடியாது. நான்கைந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

பள்ளிக்குள் போட்டி எவ்வளவு என்பதும் கணக்கில் வரும். கலிபோர்னியாவில் தன் பள்ளியில் ஜிபிஏப்படி முதல் 9%-க்குள் வந்தால், விண்ணப்பித்த எந்த யூசியும் எடுக்காவிட்டாலும் இடம் இருக்கும் ஒரு வளாகத்தில் அழைப்பு உண்டு. பெரும்பாலும் அது மெர்செட். ‘யூசி அட்மிஷன் 100%’ என்று கேள்விப்பட்டால் எந்த வளாகம் என்று கேளுங்கள். டெக்சாஸில் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தின் தானியங்கி அட்மிஷன் 2026 இலையுதிர் பருவம் முதல் வகுப்பின் முதல் 5%-க்குத்தான். 90 பேர் வகுப்பில் அது நான்கு பேர். எல்லோரும் படிப்பாளிகளாக இருக்கும் சின்ன சார்ட்டரில் 12-ஆம் ரேங்க் எடுக்கும் பிள்ளை, வகுப்பில் 600 பேர் இருக்கும் டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் அந்த வட்டத்துக்குள் வந்திருக்கலாம்.

பட்டம் வரை போனார்களா

பள்ளியிலிருந்து அதிகம் பேர் சேரும் பத்துக் கல்லூரிகளை எடுத்து மத்திய அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் ஒவ்வொன்றின் பட்ட விகிதத்தையும் குறியுங்கள். 20 பேர் போன கல்லூரியில் 80% என்றால் 16. 30 பேர் போன இடத்தில் 45% என்றால் 13, 14. ஆக 50 பேரில் 30 பேர் முடிக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. பிறகு பள்ளியிடம் உண்மை எண்ணைக் கேளுங்கள். எதிர்பார்ப்பைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் பிள்ளைகளைப் போதிய தயாரிப்பின்றி அனுப்புகிறார்கள். கூடியிருந்தால் அந்தப் பள்ளி உண்மையிலேயே ஏதோ சரியாகச் செய்கிறது.

பட்டக் கணக்கு ஆறு வருடம் பின்தங்கும், அதற்குள் பிரின்சிபால் மாறியிருப்பார். இரண்டாம் ஆண்டும் காலேஜில் தொடர்கிறவர்களின் விகிதம், ‘பெர்சிஸ்டன்ஸ்’, நடுவே நல்ல சமரசம்.

நேர்மையாக எண்ணினால் எப்படி இருக்கும் என்பதற்கு கிப் என்ற சார்ட்டர் பள்ளிக் குழுமம் 2011-ல் வெளியிட்ட அறிக்கை சான்று. ஹைஸ்கூல் சீனியர்களிலிருந்து தொடங்காமல், எட்டாம் வகுப்பு முடித்த தங்கள் முதல் மாணவர்களிலிருந்து எண்ணினார்கள். நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கள் 33%. நாட்டில் அதே வருமானத்தில் உள்ளவர்களின் விகிதத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. பேனரின் நூறைவிட இந்த முப்பத்துமூன்று கனமானது.

கம்யூனிட்டி காலேஜ் போனவர்களைத் தோல்விப் பக்கம் தள்ளாதீர்கள். டேவிஸ், அர்வைன் உள்ளிட்ட ஆறு யூசி வளாகங்கள் அங்கிருந்து வருவோருக்கு உத்தரவாத மாறுதல் தருகின்றன. எத்தனை பேர் மாறினார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

யாரோடு ஒப்பிடுவது

பெற்றோர் இருவரும் இன்ஜினியராக இருக்கும் வட்டாரத்துச் சார்ட்டரின் பட்டியல், பள்ளியைவிட வீட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். மாநில சராசரியோடு ஒப்பிடாமல், அதே பின்னணிப் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியில் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். டேட்டாகுவெஸ்ட் இனவாரியாகவும் வருமானவாரியாகவும் பிரித்துத் தரும். குலுக்கலில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிடும் ஆய்வு கிடைத்தால் அதற்கு மிஞ்சியது இல்லை. இரு தரப்பும் விண்ணப்பித்தவர்கள், பிரித்தது அதிர்ஷ்டம் மட்டுமே. பாஸ்டன் சார்ட்டர்களில் அப்படிச் செய்தபோது காலேஜ் நுழைவுத் தேர்வான எஸ்ஏடி மதிப்பெண் கூடியது, ஈராண்டுக் கல்லூரியிலிருந்து நான்காண்டுக் கல்லூரிக்கு நகர்ந்தவர்கள் அதிகரித்தார்கள். மொத்தமாகக் காலேஜ் போனவர்கள் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. நல்ல சார்ட்டர் செய்யக்கூடியதின் அளவு அது.

ஓபன் ஹவுஸில்

மேடையில் பேசுபவரை விட்டுவிட்டு காலேஜ் கவுன்சிலரைத் தேடிப் போங்கள். ‘கிளியரிங்ஹவுஸ் ரிப்போர்ட்டில் உங்கள் இரண்டாம் ஆண்டு பெர்சிஸ்டன்ஸ் எவ்வளவு?’ என்று கேளுங்கள். அக்கறையுள்ள அலுவலகம் அந்த எண்ணை நாக்கு நுனியில் வைத்திருக்கும். ‘எங்கள் பிள்ளைகள் பிரமாதமாகச் செய்கிறார்கள்’ என்று மட்டும் பதில் வந்தால் எண் இல்லை, அல்லது சொல்லும்படி இல்லை. கல்லூரிகளுக்கு டிரான்ஸ்கிரிப்டோடு அனுப்பும் ‘ஸ்கூல் ப்ரொஃபைல்’ பிரதி ஒன்று வாங்குங்கள், பேனரைவிட அடக்கமாக எழுதியிருப்பார்கள். ஒரு கவுன்சிலருக்கு எத்தனை மாணவர்? அமெரிக்க ஸ்கூல் கவுன்சிலர் சங்கத்தின் பரிந்துரை 250. ஜூனில் பள்ளி மூடிய பிறகு சீனியர்களை யார் போனில் துரத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். சம்மர் மெல்ட் நிற்பதும் நடப்பதும் அந்த ஒருவர் கையில்.

பள்ளி புதிது, இன்னும் ஒரு வகுப்பும் முடிக்கவில்லை என்றால் பார்க்க வேண்டியவை வேறு. கலிபோர்னியாவில் பாடங்கள், யூசி சேர்க்கைக்கு ஏற்கும் பாடங்களின் ஏ-ஜி பட்டியலில் ஏறியிருக்கின்றனவா என்று அந்தப் பட்டியலிலேயே பள்ளி பெயரைப் போட்டுப் பாருங்கள். ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்ற வாய்ச்சொல் போதாது. ஏபி வகுப்புகள் எத்தனை என்பதை விட்டு, தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் 3 அல்லது அதற்கு மேல் வாங்கினார்கள் என்று கேளுங்கள். பதினொன்றாம் வகுப்பு மாநிலத் தேர்வில் கணிதத் தேர்ச்சியைப் பாருங்கள், அந்த வகுப்பில் இன்று இருப்பவர்கள் ஒன்பதில் எத்தனை பேராகத் தொடங்கினார்கள் என்பதோடு சேர்த்து.