தெருவிளக்கில் முகங்களைப் படமெடுக்க: கிறிஸ்டர் ஸ்ட்ரோம்ஹோம் காட்டிய வழி

ஸ்டாக்ஹோமில் 1918-இல் பிறந்த ஸ்வீடன் புகைப்படக் கலைஞர் கிறிஸ்டர் ஸ்ட்ரோம்ஹோம், 1950-களின் இறுதியில் பாரிஸின் பிளாஸ் பிளான்ஷ் பகுதியில் திருநங்கைகளிடையே வாழ்ந்து, கிடைத்த இரவு வெளிச்சத்திலேயே அவர்களைப் படமெடுத்தார். அம்முறையைச் சென்னையில் பழக விரும்புவோர், திருவல்லிக்கேணியில் ஒரு டீக்கடையைத் தேர்ந்து, முதல் நான்கைந்து இரவுகள் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் டீ குடித்துப் பேசிவிட்டு மட்டும் வர வேண்டும். பலரும் அவசரப்பட்டுக் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்ட்ரோம்ஹோமிடம் பயின்ற ஆண்டெர்ஷ் பீட்டர்சனும் ஹாம்பர்க் மதுக்கடை ஒன்றில் ஆண்டுக்கணக்கில் பழகியே படமெடுத்தார்.

சம்மதம் கிடைத்த பின், டியூப்லைட் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுமாறு நின்று, 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 (லென்ஸ் துளையின் அளவு), 1/30 நொடி ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 1600 எனத் தொடங்கி, முழங்கையைத் தூணில் ஊன்றி, விளக்குக்கு அல்லாமல் கன்னத்துக்கு ஒளியை அளக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து நேராக வந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸ் பனித்துவிடும். பத்து நிமிடம் பையிலேயே இருக்கட்டும். வெவ்வேறு விளக்குகளின் நிறக்கலப்பு உறுத்துமாதலால் கறுப்பு வெள்ளையே நல்லது. முதல் பிரதியைப் படத்தில் உள்ளவரிடமே கொடுத்துவிட வேண்டும்.