நாக்அவுட் எலியில் வைரஸ் சோதனையா? நான் மாட்டிக்கொண்ட இடங்கள்

போன வாரம் லேபில் புதிதாகச் சேர்ந்த தம்பி, நாக்அவுட் எலிகளோடு (ஒரு மரபணுவை நீக்கிய எலிகள்) ஒப்பிட, பி6 என்ற வழக்கமான ஆய்வக இனத்து எலிகளை விற்பனையாளரிடம் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தான். அதே ஆர்டரை ஒரு காலத்தில் நானும் போட்டவன்தான், அதனால் இது. கையுறை, லேபிள் சமாசாரமெல்லாம் யாராவது சொல்லித் தருவார்கள், விடுங்கள்.

வெளியே வாங்கிய கன்ட்ரோல் (ஒப்பீட்டு எலி)

இன்ஃப்ளூயன்ஸா கொடுத்து தினமும் காலையில் எடை பார்த்தேன். ஏழாம் நாள் நாக்அவுட் எலிகள் முடி சிலிர்த்து மூலையில் சுருண்டு கிடந்தன. வாங்கிய எலிகளோ மூடியைக் கடித்துக்கொண்டிருந்தன. கிராஃப் அவ்வளவு அழகு. எட்டு மாதம் அதன் மேலேயே கட்டினேன். அப்புறம் ஒரு சீனியர் அக்கா கேட்டார், "ரெண்டும் ஒரே ஈத்துக் குட்டிங்களாப்பா?" இல்லை. அந்த மரபணுவின் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் உள்ள ஜோடிகளைச் சேர்த்து, பிறந்த குட்டிகளைக் காதுத் துணுக்கின் டிஎன்ஏ பார்த்துப் பிரித்து மறுபடி செய்தேன். வித்தியாசத்தில் முக்கால்வாசி காணோம்.

ஏன் இப்படி? பழைய நாக்அவுட்கள் பல 129 என்ற எலி இனத்து ஸ்டெம் செல்லில் செய்தவை. பி6-உடன் எத்தனை தலைமுறை சேர்த்தாலும், நீக்கிய மரபணுவின் அக்கம்பக்கம் 129 ஆகவே ஒட்டிக்கொண்டிருக்கும். காஸ்பேஸ்-1 நாக்அவுட் அப்படித்தான் மாட்டியது: 129-இல் பக்கத்து மரபணுவான காஸ்பேஸ்-11 ஏற்கெனவே பழுது, அது வெளியே தெரிந்ததே 2011-இல். சரி, தூரத்து மரபணு என்றால் தப்பிக்கலாமா? ஐஆர்எஃப்5 நாக்அவுட்டில் இன்டர்ஃபெரான் (வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் புரதம்) குறைந்ததற்கு டாக்2 என்ற வேறொரு மரபணுவில் தானாக வந்த பழுதும் காரணம் என்று 2012-இல் கண்டுபிடித்தார்கள். இரண்டும் வேறு வேறு குரோமோசோம்! போதாததற்கு, வாங்கிய எலியின் குடல் பாக்டீரியாவே வேறு, அதுவும் இன்டர்ஃபெரான் அளவை மாற்றும்.

'சாதாரண' எலி

பி6, பால்ப்/சி (இன்னொரு ஆய்வக இனம்) இரண்டிலுமே எம்எக்ஸ்1 என்ற வைரஸ் எதிர்ப்பு மரபணு வேலை செய்யாது. ஏ2ஜி என்ற இனத்து எலிகள் இன்ஃப்ளூயன்ஸாவைத் தாங்குவதை ஆய்வாளர் லிண்டன்மான் 1962-இலேயே சொன்னார். அந்த ஆயுதம் இந்த மரபணுதான். ஆக, இன்டர்ஃபெரான் ஏற்பி இல்லாத எலியை பி6-உடன் ஒப்பிடும்போது, பாதி ஆயுதத்தோடு இருப்பவனோடுதான் ஒப்பிடுகிறோம்.

எம்எக்ஸ்1-கிரீ

வேண்டியபோது மட்டும் மரபணுவை நீக்கும் ஏற்பாடு இது. அதைத் தூண்டக் கொடுக்கும் பாலி ஐசி என்ற செயற்கை ஆர்என்ஏவே இன்டர்ஃபெரானைக் கிளப்பும். உடனே வைரஸ் கொடுக்காதீர்கள்.

டோஸ்

நாக்அவுட்டுக்கு வைரஸ் அளவைத் தனியாகப் பார்த்து வையுங்கள்.

தம்பி ஆர்டரை ரத்து செய்துவிட்டான். குட்டி பிறக்க மூன்று வாரம், வளர இன்னும் ஆறேழு வாரம். இரண்டு நாளாக என்னோடு டீ குடிக்க வரவில்லை.