நாடி சுத்தி: வலிந்து செய்வதால் வரும் தவறுகள்

மூக்கின் இரு துளைகளிலும் மாறி மாறி மூச்சுவிடும் நாடி சுத்திப் பயிற்சி பார்ப்பதற்கு எளிதாக இருப்பதாலேயே, பலரும் அதை முறையாகக் கற்காமல் தொடங்கிவிடுகிறார்கள். இதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, தேவைக்கு மீறி வலிந்து செய்வதால் வருபவை.

விரல் வைக்கும் இடத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கி, வலத் துளையைக் கட்டைவிரலாலும் இடத் துளையை மோதிர விரலாலும் மூடுவது வழக்கம். மூக்கெலும்பின் மீது விரலை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் துளை மூடாது. எலும்பு முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் இடத்தில் லேசாக வைத்தாலே காற்று நின்றுவிடும். அழுத்தம் மிகுந்தால் நடுச்சுவர் ஒருபுறம் சாய்ந்து, திறந்திருக்க வேண்டிய துளையும் குறுகும். சற்று நேரத்தில் தோள் உயர்ந்து, தலை கையை நோக்கிச் சாயத் தொடங்கும். அப்போது இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது வரிசைக் குழப்பம். இடப்பக்கம் இழுத்து வலப்பக்கம் விட்டவுடன், மறுபடியும் இடப்பக்கமே இழுப்பவர்கள் உண்டு. அவ்வாறே தொடர்ந்தால் அது சந்திர பேதனம் என்னும் வேறொரு பயிற்சியாகிவிடும். மூச்சை இழுத்த பிறகுதான் விரல் மாற வேண்டும். விட்ட பிறகு, அதே துளை வழியாகவே இழுக்க வேண்டும்.

மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது மூச்சை அடக்குவதில்தான். இழுக்க 16, அடக்க 64, விட 32 என்று திருமந்திரம் சொல்லும் மாத்திரை என்னும் கால அளவுக் கணக்கைப் படித்துவிட்டு, அந்த 1:4:2 விகிதத்தை முதல் வாரத்திலேயே எட்ட முயல்வது பெரும்பிழை. அடக்கிய மூச்சு வெளியேறும்போது சீறிக்கொண்டு வந்தாலோ, அடுத்த மூச்சை அவசரமாக இழுக்க நேர்ந்தாலோ, அளவு மீறிவிட்டது என்று பொருள். தொடக்க நிலையில் அடக்காமல், ஓசையின்றி இழுத்து, அதைவிடச் சற்று நீளமாக விட்டாலே போதும். உயர் ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மூச்சை அடக்கவே கூடாது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பயிற்சியைத் தொடங்குவது நல்லது.

தலைசுற்றலும் விரல் நுனிகளில் மதமதப்பும் ஏற்பட்டால், நாடி எனப்படும் உயிர்மூச்சின் பாதை திறக்கிறது என்று மகிழ்கிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையில், வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. உடனே கையை இறக்கிவிட்டு, இயல்பாக மூச்சுவிட வேண்டும். வயிறு நிறைந்திருக்கும்போதும் பயிற்சி வேண்டாம். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகட்டும்.

ஒரு துளையில் மட்டும் காற்று குறைவாகச் செல்வதைக் குறையென்று எண்ணி வேகமாக உறிஞ்ச வேண்டியதில்லை. மூக்கின் உட்சவ்வு சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறி வீங்கித் தணிவது உடலின் இயல்பு. ஒருக்களித்துப் படுத்தால் மேற்பக்கத் துளை பெரும்பாலும் சற்று நேரத்தில் திறந்துகொள்ளும். சளியால் மூக்கு அடைத்திருந்தால், அது தீரும்வரை பயிற்சியை நிறுத்திவைக்கலாம்.