ஓட்டோ கெளுத்தியா? முதலில் வயிற்றைப் பாருங்கள்

ஓட்டோ என்று சுருக்கமாகச் சொல்லும் ஓட்டோசிங்க்ளஸ், இரண்டு அங்குலம்கூட வளராமல் பாசியை மேய்ந்து வாழும், மீன் தொட்டியில் வளர்க்கும் கெளுத்தி. பெரும்பாலும் ஆற்றில் பிடித்து வருபவை என்பதால் வழியிலேயே பட்டினியில் வாடிவிடும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிற்றைக் கவனியுங்கள். லேசாக உப்பியிருந்தால் வாங்கலாம், ஒட்டிப்போயிருந்தால் வேண்டாம். கடைக்கு நேற்றுதான் வந்தது என்றால் ஒரு வாரம் பொறுத்தே வாங்குங்கள்.

வீட்டில் பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, அப்புறம் மீனைப் பைநீரோடு வாளிக்கு மாற்றுங்கள். தொட்டியிலிருந்து கீழே உள்ள வாளிக்குக் காற்றுக்குழாயை (காற்று பம்பில் மாட்டும் மெல்லிய குழாய்) விட்டு, நீரை உறிஞ்சி இறங்கவைத்து, அதில் ஒரு முடிச்சுப் போட்டால் தொட்டி நீர் விநாடிக்கு இரண்டு மூன்று சொட்டாக இறங்கும். வாளி நீர் மும்மடங்கானதும் மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். விளக்கு அணைந்தே இருக்கட்டும்.

பளபளவென்று துடைத்த புதுத் தொட்டி மட்டும் கூடவே கூடாது, அங்கே அதற்குத் தின்ன ஒன்றுமில்லை!