மின்சாரம் நிற்கும் நிமிடம்: மீன் தொட்டிக்குக் குழாய் போடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலடி மீன் தொட்டி வைத்தோம். கீழே மரப்பெட்டிக்குள் வடிகட்டும் சிறு தொட்டி, அதில் ஒரு மோட்டார், இரண்டையும் இணைக்க பி.வி.சி. குழாய். முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. எட்டாம் நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள். நாங்கள் ஆரணிக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். மாலையில் கதவைத் திறந்தால் கூடமெங்கும் தண்ணீர். மரப்பெட்டியின் அடிப்பலகை ஊறி உப்பிப்போயிருந்தது.

எந்த இணைப்பிலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. குழாய் வேலை அவ்வளவு நேர்த்தியாகத்தான் இருந்தது. மோட்டார் ஓடும்போது எப்படி இருக்கும் என்று மட்டும் யோசித்துக் குழாய் போட்டிருந்தேன். நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. பிறகு நண்பர்கள் வீடுகளில் பார்த்த பெரும்பாலான வெள்ளங்களுக்கும் இதுதான் காரணம்.

நடப்பது இதுதான். மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. அளவுக்கு மேல் சேர்வது வடிகுழாய் வழியாகத் தானாகக் கீழே இறங்குகிறது. மின்சாரம் நின்றதும், ஏற்றுக்குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், அந்தக் குழாயே தண்ணீரைக் கீழே உறிஞ்சத் தொடங்கும். கேனிலிருந்து மண்ணெண்ணெயை ரப்பர் குழாயில் இழுத்து இறக்குவார்களே, அதே வேலை. வாய்க்குக் காற்று கிடைக்கும்வரை நிற்காது.

என் தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் 5.4 லிட்டர். குழாயின் வாயை 15 செ.மீ. ஆழத்தில் வைத்திருந்தேன், ஆக 81 லிட்டர் கீழே வரும். கீழ்த்தொட்டி 75-க்கு 35, உயரம் 40 செ.மீ. பாதிவரை தண்ணீர் இருந்ததால் மிச்ச இடம் 52 லிட்டருக்குத்தான். எஞ்சிய 29 லிட்டர், ஏறத்தாழ இரண்டு குடம், தரைக்குப் போனது. இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். குழாய் வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு இது.

மின்சாரம் திரும்பும்போது இன்னொரு கெடுதல் காத்திருக்கிறது. மேலிருந்து இறங்கிய 81 லிட்டரையும் மோட்டார் திரும்ப ஏற்றப் பார்க்கும். இரண்டு குடம் தரையில் கிடப்பதால் கீழ்த்தொட்டியில் மோட்டார் இருக்கும் இடம் காலியாகி, மோட்டார் வெறுமனே சுழலும். தண்ணீரில் மூழ்கி ஓடும் மோட்டார்களுக்கு அந்தத் தண்ணீர்தான் குளிர்ச்சி. அது இல்லாமல் சில மணி நேரம் ஓடினால் உள்ளே சூடேறிக் கெட்டுவிடும்.

இதற்குத் தீர்வாகக் கடையில் ஒருவழி வால்வு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். அந்த வால்வின் மடலில் ஒரு குட்டி நத்தையோ பாசித் துணுக்கோ சிக்கினால் போதும், முழுதாக மூடாது. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எவர்சில்வர் பாத்திரத்திலேயே வெள்ளைப் படலம் விடுகிற தண்ணீர். அது வால்வில் படியாமல் இருக்குமா? நம்பத்தக்க வழி, குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு இரண்டு செ.மீ. கீழேயே முடித்துவிடுவது. வாய் ஆழத்தில்தான் இருக்க வேண்டுமென்றால், குழாயில் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஐந்து மி.மீ. துளை இரண்டு போடுங்கள். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சுவது அறுந்துவிடும். ஒன்று ஏன் போதாதென்றால், பாசி அடைக்கும். வாரம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் குத்திவிட வேண்டும்.

வடிகுழாய்க்கு வருவோம். ஏற்றுக்குழாய் முக்கால் அங்குலம் என்றால் வடிகுழாயும் அதே முக்கால் என்று போடுபவர்கள் உண்டு. ஏற்றுவது மோட்டாரின் தள்ளு. இறங்குவது வெறும் புவியீர்ப்பு. எனவே வடிகுழாய் அதைவிடப் பெரிதாக, குறைந்தது ஒன்றேகால் அங்குலமாவது இருக்கட்டும். அதைவிட முக்கியம், ஒரே ஒரு வடிகுழாயை நம்பியிருக்கக் கூடாது. 2021 நவம்பர் மழையில் வேலூர்க் கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் பார்த்தோம். வரும் தண்ணீருக்குப் போகும் வழி ஈடுகொடுக்கவில்லை என்றால் அகழியானாலும் தொட்டியானாலும் நிலை அதுதான். ஓர் இலையோ செத்த மீனோ வடிகுழாய் வாயை மூடினால், மோட்டார் ஏற்றிக்கொண்டே இருக்கும், தொட்டி வழியும். முதல் வடிகுழாயைவிட ஒரு விரற்கடை உயரத்தில் இரண்டாவது ஒன்று, வால்வு எதுவும் இல்லாமல், எப்போதும் காலியாக இருக்கட்டும். அதில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் முதலாவது அடைத்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தது, மிகப் பலர் அறியாமல் செய்வது: குழாய் வகைகளைக் கலப்பது. கடையில் மூன்று வகை அடுக்கியிருக்கும். விவசாயத்துக்கான பி.வி.சி. குழாய் மி.மீ. கணக்கில் வரும், 25 என்றால் வெளி விட்டம் 25 மி.மீ. வீட்டுக் குழாய் வேலைக்கான வெள்ளை யு.பி.வி.சி. அங்குலக் கணக்கு, முக்கால் என்றால் வெளி விட்டம் 26.7 மி.மீ. வெந்நீருக்கான, பால் நிறத்தில் இருக்கும் சி.பி.வி.சி.யிலும் முக்கால் உண்டு. ஆனால் அது 22.2 மி.மீ. மூன்றும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். 25 மி.மீ. குழாயை முக்கால் அங்குல எல்போவில் (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு) செருகினால் நுழையும், லேசாக ஆடும். "பசையை நிறையத் தடவினால் நின்றுவிடும்" என்று தோன்றும். நிற்கும், சில வாரம்.

காட்பாடியிலிருந்து வந்த குழாய் மேஸ்திரி ஒருவர்தான் எனக்கு இதை விளங்கவைத்தார். "தம்பி, இது மரத்தை ஒட்டுகிற பசை இல்லை. இரண்டு பக்கமும் மேல்தோலை இளகவைத்து ஒன்றோடொன்று கலக்கவைக்கிற மருந்து. நடுவில் சந்து இருந்தால் எதோடு எது கலக்கும்?" என்றார். பிறகு செய்துகாட்டினார். குழாயை நேராக அறுத்தார், வெட்டு முனையின் பிசிறை உப்புத்தாளால் தேய்த்தார், துணியால் துடைத்தார். பசை போடாமலே ஒருமுறை செருகி, எல்போ எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அங்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். குழாய்மேல் ஒரு பூச்சு, எல்போவுக்குள் மெல்லிய ஒரு பூச்சு. செருகும்போது கால் சுற்றுத் திருகி, கோட்டோடு கோடு சேர்ந்ததும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். விட்டுவிட்டால் குழாய் தானாகப் பின்னே வரும் என்றார். நான் ஒன்றை விட்டுப் பார்த்தேன், வந்தது.

இதில் நம் ஊர் வெயிலுக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒட்டினால், தடவிய பசை செருகுவதற்குள் மேலே ஆடை கட்டிவிடும். விடியற்காலையில், நிழலில் வேலையை முடியுங்கள். கட்டியாகிப்போன பழைய டப்பாவைத் தின்னர் ஊற்றி இளக்க வேண்டாம், புதிது வாங்குங்கள். ஒட்டிய பின் ஒரு நாள் முழுவதும் தண்ணீர் விடக் கூடாது. பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர் ஓட்டிக் கொட்டிவிட்டுத்தான் மீனைப் பற்றி நினைக்க வேண்டும்.

மோட்டார் வாங்கும்போது பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர் என்று இருக்கும். அது ஏற்றமே இல்லாத நிலையில் கிடைக்கும் அளவு. அதே பெட்டியில் அதிகபட்ச உயரம் 3 மீட்டர் என்றிருந்தால், 3 மீட்டரில் ஒரு சொட்டும் வராது என்று அர்த்தம். கீழ்த்தொட்டி நீர்மட்டத்திலிருந்து மேல்வாய்வரை ஒன்றரை மீட்டர் என்றால் ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும். எல்போக்கள் அதிலும் கொஞ்சம் தின்னும். ஒவ்வொரு செங்கோண எல்போவுக்கும் பதில் இரண்டு 45 டிகிரி எல்போ போட்டால் இழப்பு குறையும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வால்வை மோட்டாருக்குப் பின்னால், ஏற்றுக்குழாயில் வையுங்கள். உறிஞ்சும் பக்கம் நெரித்தால் மோட்டார் இரைந்து தேயும். அந்த வால்வும் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். பித்தளையிலிருந்து கசியும் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு.

கண்ணாடித் துளையில் பொருத்தும் டேங்க் நிப்பிளின் ரப்பர் வளையம் தொட்டியின் உட்பக்கம், தண்ணீர் இருக்கும் பக்கம் வர வேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று போதும். ஸ்பானர் போட்டு முறுக்கினால் கண்ணாடி விரியும். டஃபன்ட் கண்ணாடியில், அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியில், துளையிடவே முயலாதீர்கள். துளையிடும்போதே முழுக் கண்ணாடியும் துகள் துகளாகிவிடும்.

மின்கம்பி ப்ளக்குக்கு நேராக மேலிருந்து இறங்கக் கூடாது. ப்ளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு விட்டு மேலேறட்டும். கம்பி வழியே ஓடிவரும் சொட்டு அந்த வளைவில் விழுந்துவிடும். மீட்டர் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் இல்லாத வீட்டில் தொட்டிக்குள் கைவிட வேண்டாம். தொட்டியில் கை நனைப்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள்.

எல்லாம் முடிந்த பிறகு, மீன் விடுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஸ்விட்சை அணையுங்கள். தண்ணீர் இறங்கி நிற்கும்வரை அருகில் உட்கார்ந்து பாருங்கள். கீழ்த்தொட்டி விளிம்புக்கு ஐந்து செ.மீ. கீழே நிற்க வேண்டும்; நிற்காவிட்டால் தண்ணீரை முகந்து குறையுங்கள். மறுபடி போட்டு, ஓட்டம் நிதானமானதும் கீழ்த்தொட்டியில் மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடைக்காலத்தில் ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட ஊற்றும்போது யாரும் அந்தக் கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. எங்கள் வீட்டில் ஊற்றுவது என் அம்மா. கோடு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றதால், அதன்மேல் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன்.