24 விநாடிக்குள் ஒரு பீட்: பழைய எம்.பி.சி.யில் மெமரி போதாமல் முழிப்பவர்களுக்கு

போன வருடம் பழைய அகாய் எம்.பி.சி. 2000 எக்ஸ்.எல். ஒன்று கைக்கு வந்தது. ஒலித் துண்டுகளைப் பதிந்து, பேடுகளைத் தட்டி பீட் கட்டும் சாம்ப்ளர் மெஷின் அது. 1999 மாடல். விற்றவர் மெமரியைக் கூட்டவே இல்லை, வாங்கும்போது இருந்த 2 எம்.பி. அப்படியே இருந்தது. முதல் வாரம் நான் பீட் எதுவும் செய்யவில்லை. இரண்டு ரெக்கார்டிலிருந்து (இசைத்தட்டு) ஏதாவது எடுப்பேன், மெமரி தீர்ந்துவிடும், அணைத்துவிட்டுத் தூங்கப் போவேன். அந்த வாரம் யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயங்கள்தான் இந்தப் பதிவு.

பேடில் ஒலியைப் போடுவது, சீக்வென்ஸ் (எந்த ஒலி எப்போது வரும் என்ற வரிசை) பதிவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கையேட்டில் நன்றாகவே இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. பதிவுத் தரம் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் மோனோவில் (ஒரே சானல்) விநாடிக்கு 88,200 பைட். 2 எம்.பி.க்கு ஏறக்குறைய 23.8 விநாடி வரும். ஸ்டீரியோ என்றால் அதில் பாதி, 12 விநாடிகூட இல்லை. எம்.பி. கணக்கை மறந்துவிட்டு விநாடியில் யோசிக்கப் பழகுங்கள். கிக் 0.4, ஸ்னேர் 0.4, மூடிய ஹை-ஹேட் 0.15, திறந்தது 0.5. ஒரு ட்ரம் செட் மொத்தமே ஒன்றரை விநாடிதான். அப்புறம் 92 பி.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 92 அடி) இரண்டு பார், அதாவது எட்டு அடி, லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) என்றால் 5.2 விநாடி. இவ்வளவையும் சேர்த்தாலும் ஏழு விநாடியைத் தாண்டவில்லை. அப்படியிருந்தும் எனக்கு ஏன் போதவில்லை என்பதற்குக் கீழே வருகிறேன்.

24 விநாடி கொஞ்சம் என்று புலம்புவதற்கு முன் இதைக் கேளுங்கள். 1987-இல் வந்த ஈ-மு எஸ்.பி.-1200 சாம்ப்ளரில் மொத்தமே 10 விநாடி, அதிலும் ஒரு ஒலிக்கு அதிகபட்சம் 2.5 விநாடி. 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ். நியூயார்க்கின் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்கள் எத்தனையோ பேர் அதை வைத்துத்தான் ஆல்பம் ஆல்பமாகச் செய்தார்கள். அவர்களில் பீட் ராக் என்பவர் அதோடு அகாய் எஸ்950 சாம்ப்ளரையும் சேர்த்து ஓட்டியவர். அந்த ஒலிக்கென்று ஒரு கரகரப்பு உண்டு. இன்று அதற்காகவே காசைக் கொட்டுகிறார்கள், அன்றைக்கு அது வெறும் தட்டுப்பாடு.

மோனோவில் எடுங்கள்

சாம்ப்ளிங் திரையில் முதல் வேலை, ஸ்டீரியோவை மாற்றி இடது அல்லது வலது மோனோ வைப்பது. 60களின் ரெக்கார்டுகளில் ஒரு விஷயம் கவனியுங்கள். பல தட்டுகளில் ட்ரம்ஸ் முழுவதும் ஒரு பக்கம், பாடகர் மறுபக்கம் என்று பிரித்துத் தள்ளியிருப்பார்கள். ஹெட்போனில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு எடுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் குரலே இல்லாத ட்ரம்ஸ் சும்மா கிடைக்கும்.

33-ஐ 45-இல் ஓட்டுங்கள்

எஸ்.பி.-1200 காலத்துப் பழைய வித்தை இது. எல்.பி. தட்டை நிமிடத்துக்கு 33 சுற்றுக்குப் பதில் 45-இல் சுழலவிட்டு எடுத்து, மெஷினுக்குள் டியூனை (சுருதியை) கீழே இறக்கிவிடுவது. 5.2 விநாடி லூப் பதிவாகும்போது 3.9 விநாடிதான் பிடிக்கும். இறக்கிய பிறகு நீளமும் சுருதியும் பழையபடி வந்துவிடும். மேல் அலைவரிசை கொஞ்சம் போகும். 44.1-இல் எடுத்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருந்ததெல்லாம் காலி. எஸ்.பி.-1200-இல் அது 9.6-இலேயே அறுந்துவிடும். அந்த மங்கல் ஒலி எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும்.

எவ்வளவு இறக்குவது? இங்கேதான் நான் இரண்டு இரவு வீணாக்கினேன். யாரோ 'ஐந்து செமிடோன்' (அரைச் சுரம்) என்று சொல்லக் கேட்டு -50 வைத்தேன். (இந்த மெஷினில் டியூன் எண் பத்தில் ஒரு செமிடோன். 10 என்றால் ஒரு செமிடோன், 120 என்றால் ஒரு ஆக்டேவ்.) லூப் தனியாக நன்றாகத்தான் இருந்தது. கீபோர்டில் பேஸ் வாசித்துச் சேர்த்ததும் பல்லைக் கூசியது. கீபோர்டைச் சந்தேகப்பட்டேன், என் காதைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் கால்குலேட்டரை எடுத்தேன். 45-ஐ 33⅓-ஆல் வகுத்தால் 1.35. அது 5.2 செமிடோன், ஐந்து இல்லை. வைக்க வேண்டியது -52. அந்த 0.2 செமிடோன் தனியாகக் கேட்டால் தெரியாது. இன்னொரு வாத்தியம் பக்கத்தில் வந்ததும்தான் குத்தும்.

டர்ன்டேபிளின் வேகத்தை மாற்றும் பிட்ச் ஸ்லைடரை +8 சதவீதத்துக்குத் தள்ளி இன்னும் மிச்சம் பிடிக்கலாம். அப்போது எண் -65. டியூனை இறக்கிவிட்டு அப்புறம் லூப்பை வெட்டுங்கள். வேகமாக ஓடும் லூப்பில் தாளம் எங்கே விழுகிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது.

வெட்டினால் போதாது, தூக்கியெறிய வேண்டும்

இதோ, என் முதல் வாரத்தைத் தின்றது இதுதான்.

ட்ரிம் பக்கத்துக்குப் போய் தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் நகர்த்தி, எட்டு விநாடிப் பதிவிலிருந்து அரை விநாடி ஸ்னேரை அழகாக வெட்டி வைத்திருப்பேன். பேடைத் தட்டினால் ஸ்னேர் மட்டும்தான் கேட்கும். வேலை முடிந்தது என்று அடுத்ததற்குப் போவேன். ஆனால் மீதி ஏழரை விநாடி எங்கும் போகவில்லை. புள்ளிகள் எங்கே வாசிக்கத் தொடங்கு, எங்கே நிறுத்து என்று மட்டுமே சொல்கின்றன. பதிவு முழுசாக மெமரியில் உட்கார்ந்திருக்கிறது. இப்படி மூன்று ஒலி எடுத்தால் 24 விநாடி முடிந்தது.

செய்ய வேண்டியது: புள்ளிகளை வைத்த பின் அதே ட்ரிம் பக்கத்தில் எடிட்டைத் திறந்து 'டிஸ்கார்ட்' தேர்ந்தெடுத்து 'டூ இட்' அழுத்துங்கள். புள்ளிகளுக்கு வெளியே உள்ளதெல்லாம் நிஜமாகவே அழியும். மீதி மெமரி எவ்வளவு என்பதை முன்னும் பின்னும் பாருங்கள், எண் ஏறும். ஏறவில்லை என்றால் நீங்கள் டிஸ்கார்ட் செய்யவில்லை.

சாம்ப்ளிங் திரையில் 'ப்ரீ-ரெக்' என்று ஒன்று இருக்கிறது, வழக்கமாக 100 மில்லிவிநாடி. ஒலி தொடங்குவதற்கு முன்னால் இருந்த நொடித்துளியையும் சேர்த்துப் பிடிப்பதற்காக. அதைக் குறைக்காதீர்கள், கிக்கின் முதல் அடி மழுங்கிவிடும். ஆனால் 16 ஒலி எடுத்தால் அதிலேயே 1.6 விநாடி வெற்றிடம். இதையும் டிஸ்கார்ட்தான் துடைக்கும்.

டிஸ்கார்ட் செய்ததைத் திரும்ப வாங்க முடியாது. அவசரத்தில் ஒரு நல்ல ஸ்னேரின் வாலை வெட்டிவிட்டேன். அந்த ரெக்கார்டு என்னுடையதும் இல்லை. ஓசை அடங்கும் வரை கேட்டு, இன்னும் கொஞ்சம் இடம் விட்டு வெட்டுங்கள்.

ஒரே ஒலி, பல வேலை

பேஸ் லைனுக்கென்று தனியாக ஒன்று எடுக்கத் தேவையில்லை. அதே லூப்பை இன்னொரு பேடில் போட்டு, ப்ரோக்ராமின் பாராம்ஸ் பக்கத்தில் ஃபில்டர் கட்-ஆஃபை நன்றாகக் கீழே இறக்குங்கள். மேலே இருந்த ஹார்ன், பியானோ எல்லாம் மறைந்து, அடியில் இருந்த பேஸ் மட்டும் உருண்டையாக எழும். இதற்கு ஒரு பைட்கூடச் செலவில்லை, ஏனென்றால் ஒலி ஒன்றுதான். '16 லெவல்ஸ்' பொத்தானில் டியூனிங்கைத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஒலி 16 பேடிலும் வெவ்வேறு சுருதியில் விரியும். ஒற்றை பேஸ் அடி இருந்தால் முழு மெட்டு போடலாம்.

இதற்கும் மேல் இடம் தேவைப்பட்டால் ரீ-சாம்ப்பிள் செய்து 44.1 கிலோஹெர்ட்ஸை 22,050 ஹெர்ட்ஸுக்கு இறக்கலாம், நீளம் அப்படியே இருக்க அளவு பாதியாகும். பேஸுக்கும் கிக்குக்கும் செய்யுங்கள். ஹை-ஹேட்டுக்குச் செய்தால் ஈரத் துணியால் மூடிய மாதிரி ஆகிவிடும். சிலருக்கு அதுவும் பிடிக்கிறது.

மெமரியை 32 எம்.பி. வரை கூட்டலாம், 72 பின் சிம்கள் (மெமரி அட்டைகள்) இன்னும் கிடைக்கின்றன. நான் வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். போடவில்லை. இடம் இருந்தால் முழுப் பாட்டையே இழுத்து வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று முடிவெடுக்காமல் உட்கார்ந்திருப்பேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஸ்விங்கைப் (ஒன்றுவிட்ட அடிகளைச் சற்றுத் தாமதமாக விழவைப்பது) பற்றிக் கேட்டீர்கள் என்றால், 50-இலிருந்து 75 சதவீதம் வரை போகும். 56, 58 பக்கம் வையுங்கள். 66-க்கு மேல் என் காதுக்கு நொண்டுகிறது.

அணைப்பதற்கு முன்

மின்சாரம் போனால் மெமரியில் இருப்பது எல்லாம் போகும். சேமிக்கும்போது 'ஏ.எல்.எல்.' கோப்பு மட்டும் போதும் என்று பெயரைப் பார்த்து நம்பினேன். அதில் இருப்பது சீக்வென்ஸும் பாட்டும் மட்டும். மறுநாள் திறந்தால் தாளம் எல்லாம் வரிசையாக இருக்கிறது, ஒலி ஒன்றுகூட இல்லை. 'ஏ.பி.எஸ்.' கோப்பையும், ஒலிகளோடு சேர்த்து என்ற தேர்வைப் போட்டு, தனியாகச் சேமிக்க வேண்டும்.

ஃப்ளாப்பியில் 1.44 எம்.பி. அதாவது மோனோவில் 16 விநாடிக்குச் சற்று மேல். ஆகவே உண்மையான எல்லை 24 இல்லை, 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பீட், ஒரு ஃப்ளாப்பி. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், மேலே பென்சிலில் டெம்போவும் தேதியும்.

பின்சேர்க்கை 1: டர்ன்டேபிளை நேராக எம்.பி.சி.யில் செருகினேன், சத்தம் தகரம் மாதிரி, எட்டாத தூரத்தில் கேட்கிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். நடுவில் ஃபோனோ ப்ரீ-ஆம்ப் (டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலைத் தூக்கித் தரும் பெட்டி) வேண்டும். எனக்கு இது தெரிந்த விஷயமாகப் போய்விட்டதால் எழுத விட்டுவிட்டேன், மன்னிக்கவும். மிக்ஸரின் ஃபோனோ உள்ளீடு வழியாகக் கொண்டுவந்தாலும் சரி.

பின்சேர்க்கை 2: 'எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் அப்பா வாங்கிய சினிமாப் பாட்டு இ.பி. தட்டுகள், அவை ஏற்கெனவே 45, நான் எதில் ஓட்டுவது?' என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நல்ல கேள்வி. உங்கள் டர்ன்டேபிளில் 78 இருந்தால் அதில் ஓட்டி டியூனை -95 வையுங்கள், 5.2 விநாடி 3 விநாடியாகச் சுருங்கும். 78 இல்லை என்றால் பிட்ச் ஸ்லைடரை +8 தள்ளி -13. பெரிய மிச்சம் இல்லை. அதைவிட, கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் பதிந்து, வேகத்தை 1.35 மடங்காக்கி, அதிலிருந்து எம்.பி.சி.க்கு எடுத்து -52 வைத்துவிடலாம். டெம்போவை மட்டும் மாற்றும் தேர்வை எடுத்துவிடாதீர்கள். சுருதியும் சேர்ந்து ஏற வேண்டும், இல்லாவிட்டால் -52 இறக்கிய பிறகு பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவார்.