மலிவு கண்டன்சர் மைக்கைத் திறந்து மாற்றும்போது செய்யும் தவறுகள்

பிஎம்-800 வகை மைக்கின் பெரிய வலைக்கூண்டுக்குள் இருப்பது பெரும்பாலும் சட்டைப் பொத்தான் அளவு எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல்தான் (ஒலியைப் பிடிக்கும் பாகம்). அதைக் கழற்றி எறிந்துவிட்டு, 34 மி.மீ. கேப்ஸ்யூல் ஒன்றை அதே போர்டில் ஈயம் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அதிகப் பணம் வீணாவது இங்கேதான்.

எலெக்ட்ரெட்டுக்குள் மின்னேற்றம் ஏற்கெனவே நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. சின்ன வகைகளில் எஃப்இடி என்ற டிரான்சிஸ்டரும் உள்ளேயே இருக்கும். கே67, கே47 வகை அசல் கண்டன்சர் கேப்ஸ்யூலில் இவை இரண்டுமே கிடையாது. அதற்கு வெளியிலிருந்து 45 முதல் 60 வோல்ட் போலரைசேஷன் (கேப்ஸ்யூலை மின்னேற்றும் மின்னழுத்தம்), 1 ஜிகாஓம் ரெசிஸ்டர், தனி எஃப்இடி எல்லாம் தர வேண்டும். பழைய போர்டு இவற்றைத் தராது. இரைச்சலுக்கு நடுவே குரல் கொசு ரீங்காரம் போலத்தான் வரும். போர்டையும் சேர்த்து மாற்றுங்கள். அதற்கு மனமில்லை என்றால் 25 மி.மீ. எலெக்ட்ரெட் ஒன்றைத் தேடுங்கள். அதில் எஃப்இடி உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கே67 என்ற பெயருக்கு மயங்குவது அடுத்த தவறு. 1960இல் வந்த நாய்மன் யு67 மைக்கின் கேப்ஸ்யூல் வடிவம் அது. உச்ச அலைவரிசைகளை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கும். அசல் மைக்கின் சர்க்யூட் அந்த ஏற்றத்தைத் திரும்ப இறக்கிவிடும். மலிவு போர்டுகள் பலவற்றில் அந்த ஏற்பாடு இல்லை. அதனால்தான் 'ஸ', 'ச' ஒலிகள் காதைக் குத்துகின்றன. சாதாரண போர்டுக்கு கே47 வகையே பொருத்தம்.

வேலை கெடுவதற்கு முக்கியக் காரணம் அழுக்கு. கேப்ஸ்யூல், ஜிகாஓம் ரெசிஸ்டர், எஃப்இடியின் கேட் (உள்ளீட்டு முனை) மூன்றும் சேரும் புள்ளியில் விரல் ரேகையும் ஃபிளக்ஸ் (ஈயம் வைக்கப் பூசும் பசை) கறையும்கூட மின்சாரத்தைக் கசிய விடும். வெயில் காலத்தில் ஒழுங்காக இருந்த மைக் மழைக்காலத்தில் 'சடசட'வென்று பொரிந்தால் முதலில் இங்கே பாருங்கள். அந்த இணைப்பைப் போர்டில் படாமல் காற்றிலேயே ஈயம் வையுங்கள், அல்லது டெஃப்லான் தாங்கி போடுங்கள். பிறகு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். கேப்ஸ்யூலின் சவ்வைத் துடைக்கவும் கூடாது, வாயால் ஊதவும் கூடாது. தூசியை விட எச்சில் துளி மோசம்.

கேப்ஸ்யூலில் மல்டிமீட்டரை வைத்து "அரை வோல்ட்தான் காட்டுகிறது, போர்டு போச்சு" என்று முடிவு கட்டுவதும் சகஜம். மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். 1 ஜிகாஓம் ரெசிஸ்டருக்குப் பின்னால் 48 வோல்ட்டை அளந்தால் ஏறக்குறைய 0.48 வோல்ட்தான் தெரியும். ரெசிஸ்டருக்கு முன்னால், ஃபில்டர் கெபாசிட்டரில் அளந்து பாருங்கள்.

எஃப்இடியை மாற்றுவோர் பயாஸை (அது வேலை செய்யும் நிலையை அமைக்கும் மின்னழுத்தத்தை) மறந்துவிடுகிறார்கள். 2என்3819 என்ற ஒரே எண்ணிலேயே ஐடிஎஸ்எஸ் (கேட்டில் மின்னழுத்தம் இல்லாதபோது ஓடும் மின்னோட்டம்) 2 முதல் 20 மில்லிஆம்பியர் வரை மாறும். பழைய ரெசிஸ்டரை அப்படியே விட்டால் உரத்த குரலில் ஒலி கிழியும். ட்ரிம்மர் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) போட்டுச் சரிசெய்வது நல்லது. சிக்னல் பாதையில் மலிவு செராமிக் கெபாசிட்டர் இருந்தால் ஃபிலிம் அல்லது சி0ஜி (நிலையான, தரமான செராமிக்) வகைக்கு மாற்றலாம். மற்ற எல்லாக் கெபாசிட்டரையும் பிடுங்குவது வீண் வேலை.

உடலைத் தொட்டால் உறுமல் கூடவோ குறையவோ செய்கிறதா? மைக்கின் உடல் கிரவுண்டோடு சேரவில்லை. திருகு உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று பின் இணைப்பின் முதல் பின்னோடு இணையுங்கள். வலைக்கூண்டின் உள் அடுக்கைக் கழற்றினால் ஒலி சற்றுத் திறக்கும். 'ப' போன்ற ஒலிகளின் காற்றடியும் கூடும் என்பதால் பாப் ஃபில்டர் (வாய்க் காற்றைத் தடுக்கும் திரை) கட்டாயம். வெளி வலையை மட்டும் எடுக்காதீர்கள். ரேடியோ இரைச்சல் உள்ளே வந்துவிடும்.

சிலருக்கு இத்தனையும் தேவைப்படாது. மைக்கோடு வரும் 3.5 மி.மீ. கேபிளில் கணினியில் நேரடியாகச் செருகியிருந்தால், சவுண்ட் கார்டின் இரைச்சலைத்தான் நீங்கள் மைக் மீது பழி போடுகிறீர்கள். 48 வோல்ட் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸில் சாதாரண எக்ஸ்எல்ஆர் கேபிளோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் 20 செ.மீ. தூரத்தில், கெயினை (ஒலிப்பெருக்க அளவை) குறித்துவைத்து, ஒரே பத்தியைப் படித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஒப்பிட அந்தப் பதிவு வேண்டும்.